செவ்வரத்தையில் வெள்ளைப் பஞ்சு

கேள்வி: எங்கள் வீட்டுப் படலையின் இரு பக்கமும் நிற்கும் செவ்வரத்தைகளில், வைகாசி பிறந்ததிலிருந்து குருத்துகள் சுருண்டு முடிச்சுப்போலாகி, காம்புகளில் வெள்ளைப் பஞ்சு படர்ந்திருக்கிறது. கீழ் இலைகள் கரி பூசியதுபோல் உள்ளன. கடையில் தந்த பூச்சிநாசினியை இரண்டு தடவை தெளித்தும், முன்னிலும் அதிகமாக வந்துவிட்டது. வளவில் மரவள்ளியும் பப்பாசியும் நிற்பதால், செடிகளைத் தறித்துவிடும்படி அயலவர் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: தறிக்க வேண்டாம். நீங்கள் கண்டது வெண்மூட்டுப்பூச்சி. கரி போன்றது, அது கழிக்கும் இனிப்பு நீரின்மேல் வளரும் பூஞ்சணம். பூச்சி ஒழிந்தால் அதுவும் உதிர்ந்துவிடும்.

எந்த இனம் என்று முதலில் பாருங்கள். வெள்ளைத் தாளில் ஒரு பூச்சியை வைத்துத் தீக்குச்சியால் நசுக்குங்கள். சாறு இளஞ்சிவப்பாக இருந்தால் அது செவ்வரத்தைக்கே பேர்போன இளஞ்சிவப்பு வெண்மூட்டுப்பூச்சி. குருத்து முடிச்சுப்போலாவதைப் பார்த்தால் அதுவாகவே எனக்குப் படுகிறது. மஞ்சளாக இருந்தால், 2008 இல் இலங்கையில் கண்டறியப்பட்ட பப்பாசி வெண்மூட்டுப்பூச்சியாக இருக்கலாம். அப்படியானால் பப்பாசியின் இலைக்கீழ்ப்புறத்தையும் மரவள்ளிக் குருத்தையும் அன்றே பாருங்கள்.

நாசினி தோற்றதில் வியப்பில்லை. பூச்சியின் உடலையும் முட்டைப் பையையும் மூடிய மெழுகில் மருந்து ஒட்டாமல் வழிந்துவிடும். செத்தவை பெரும்பாலும் அதைத் தின்னும் இரைகௌவிகளே. பஞ்சுக்கிடையில் சற்றுப் பெரிதாக, வெண்தூள் பூசிய புழுவொன்று ஊர்ந்தால் அதை நசுக்கிவிடாதீர்கள். அது வெண்மூட்டுப்பூச்சியைத் தின்று வளரும் ஒரு சிறு வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கலாம். அதன் கூட்டுப்புழுவை உற்றுப் பார்த்தால் குரங்கின் முகம் அப்படியே தெரியும்!

சுருண்ட குருத்துகளை, கீழே ஒரு சாண் நல்ல தண்டும் சேர, வெட்டிப் பையில் கட்டி எரித்துவிடுங்கள். வேலியோரம் எறிந்தால் குஞ்சுகள் ஊர்ந்தும் காற்றில் பறந்தும் மரவள்ளிக்குப் போய்விடும். பின்னர் நீர்ப்பம்பியில் குழாயைப் பொருத்தி, இலைகளின் கீழ்ப்புறத்தில் நீரை விசையாக அடியுங்கள். மறுநாள் வெயில் தாழ்ந்தபின், ஒரு லீற்றர் நீருக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெயும், அது நீருடன் கலப்பதற்குச் சிறிதளவு திரவச் சவர்க்காரமும் சேர்த்து, முதலில் ஒரு கிளையில் மட்டும் தெளித்து, இலை கருகாவிட்டால் இரண்டு நாள் கழித்துச் செடி முழுவதற்கும் தெளியுங்கள். முட்டைகள் பின்னர் பொரிப்பதால் வாரத்துக்கு ஒரு தடவையாக மூன்று தடவையாவது தெளிக்க வேண்டும். பலர் கைவிடுவது இங்கேதான்.

எறும்பையும் கவனியுங்கள். இனிப்பு நீருக்காக இந்தப் பூச்சியை மாடு மேய்ப்பதுபோல் காத்து, எதிரிகளை விரட்டுவது அதுதான். அடித்தண்டில் துணி சுற்றி அதன்மேல் கிறீஸ் பூசுங்கள். வேலிக் கதியாலைத் தொடும் கிளைகளை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அது அவ்வழியே ஏறும்.

வேரால் உறிஞ்சப்படும் நாசினியை இச்செடிக்கு ஊற்றுவதை நான் விரும்புவதில்லை. பூவில் தேன் குடிக்கும் தேனீக்கு அது நஞ்சு, பூசைக்குப் பறிப்பதும் அதே பூவைத்தான். மூன்று தடவை தெளித்தும் குறையாவிட்டால், நோயுற்ற குருத்தொன்றை மூடிய போத்தலில் போட்டு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். ஐப்பசி மழை தொடங்கியதும் பூச்சி வெகுவாகக் குறையும். அதுவரை யூரியா போட வேண்டாம், இளந்தளிர் மிகுந்தால் பூச்சியும் மிகும்.