சார்ட்டில் இருக்கும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

இந்த முறை விமானச் சார்ட்டுகள் (வழியும் உயரமும் காட்டும் வரைபடங்கள்) பற்றி வந்தவற்றில் பல, இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கு, அதாவது கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதிக்குப் படிப்பவர்களின் கேள்விகள். வீட்டில் சிமுலேட்டர் ஓட்டுபவர்களும் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் சார்ட்டை வைத்தே அதிகம் பேர் கேட்டிருப்பதால் பதிலும் அதை ஒட்டியே போகும்.

என்ரூட் (நடுவழிப் பயணத்துக்கான) சார்ட்டில் ஒரே வழித்தடத்தின் மேல் 5000 அடி என்று ஓர் எண், அதன் கீழே நட்சத்திரக் குறியோடு 3500 என்று இன்னோர் எண். 3500-லேயே பறந்தால் என்ன?

மேலே இருப்பது எம்.இ.ஏ. (அந்தத் தடத்தில் வழக்கமாகப் பறக்கும் குறைந்தபட்ச உயரம்), நட்சத்திரம் போட்டது மோகா (தடைகளைத் தாண்டப் போதுமான குறைந்தபட்ச உயரம்). மலையிலோ கோபுரத்திலோ முட்டாமல் போக இரண்டுமே போதும். அந்தத் தடத்தில் மிக உயரமான தடைக்கு மேல் 1000 அடி இடைவெளி இருக்கும். மலைப்பகுதி என்று வரையறுத்த இடங்களில் பொதுவாக 2000 அடி. வித்தியாசம் சிக்னலில்தான். எம்.இ.ஏ.வில் பறந்தால், இடைவெளி உண்டு என்று சார்ட்டே எச்சரிக்கும் சில இடங்களைத் தவிர, வழி முழுக்க வி.ஓ.ஆர். (திசை காட்டும் தரை ரேடியோ நிலையம்) சிக்னல் கிடைக்கும். மோகாவில் நிலையத்திலிருந்து 22 கடல் மைல் வரைதான் அந்த உறுதி.

தகுதியான ஜி.பி.எஸ். இருந்தால் இந்த 22 மைல் கணக்கு உங்களைக் கட்டாது. ஆனாலும் காரணமில்லாமல் மோகாவில் ஓட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. இறக்கையில் பனி படிந்து கீழே வந்தே ஆக வேண்டும் என்ற நிலையில்தான் அந்த எண்ணின் அருமை தெரியும். கட்டம் கட்டமாகப் பெரிய எழுத்தில் இருக்கும் ஒரோக்கா என்ற உயர எண் இன்னொரு ரகம். அது தடைகளிலிருந்து இடைவெளி மட்டுமே தரும். சிக்னல், ரேடார், ரேடியோ எதற்கும் பொறுப்பேற்காது.

கன்ட்ரோலர் "க்ளியர்டு ஃபார் த அப்ரோச்" (ரன்வேயை நோக்கி இறங்கும் பாதையில் வர அனுமதி) சொல்லிவிட்டால் ப்ரொஃபைலில் (சார்ட்டின் பக்கவாட்டுப் படம்) காட்டிய உயரத்துக்கு இறங்கலாம்தானே?

இறங்கக் கூடாது. இதே குழப்பத்தில் 92 பேர் இறந்திருக்கிறார்கள்.

1974 டிசம்பர் 1. டி.டபிள்யூ.ஏ. 514, போயிங் 727. வாஷிங்டன் நேஷனலில் காற்று சரியில்லை என்று டலஸ் விமான நிலையத்துக்குத் திருப்பிவிட்டார்கள் (டெக்சாஸின் டாலஸ் அல்ல, வர்ஜீனியாவில் இருப்பது). சுமார் 44 மைல் தள்ளி வரும்போதே 12-ஆம் ரன்வேயின் வி.ஓ.ஆர்./டி.எம்.இ. (டி.எம்.இ. தூரம் காட்டுவது) அப்ரோச்சுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. அவர்கள் கையில் இருந்த சார்ட்டின் ப்ரொஃபைல் படம் ரவுண்ட் ஹில் என்ற புள்ளியில்தான் தொடங்கியது, அதற்குப் பிறகு 1800 அடி. ரவுண்ட் ஹில்லுக்கு முன்னால் குறைந்தபட்சம் 3400 என்பது மேலிருந்து பார்க்கும் ப்ளான் படத்தில் மட்டும் இருந்தது. கேப்டன் அதைக் கவனிக்காமல் இல்லை. 3400 என்று சார்ட் சொல்வதாக அவர் பேசியது குரல் பதிவில் இருக்கிறது. அனுமதி கிடைத்துவிட்டதே, அப்படியானால் 1800-க்கு இறங்கலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள். விமானம் மவுன்ட் வெதரின் மேற்குச் சரிவில் மோதியது.

தவறு யாருடையது என்பதில், விபத்தை விசாரித்த அமெரிக்க அமைப்பான என்.டி.எஸ்.பி.யின் குழுவே 3-க்கு 2 என்று பிரிந்தது. பெரும்பான்மையினர் விமானிகளின் முடிவைக் காரணமாகச் சொன்னார்கள். மற்ற இருவர் கன்ட்ரோலரின் பொறுப்பை அழுத்திச் சொன்னார்கள். என் கருத்தில், ஒரே காகிதத்தில் இரண்டு படங்கள் இரண்டு விதமாகப் பேசியதும் சேர்ந்துதான் அவர்களைக் கீழே இழுத்தது.

இன்றைய விதியில் குழப்பம் இல்லை. அனுமதி வந்தாலும், சார்ட்டில் அச்சான ஒரு பாதைக்குள் நுழையும்வரை கடைசியாகச் சொன்ன உயரத்திலேயே இருக்க வேண்டும். நுழைந்த பிறகு அந்தந்தத் துண்டுக்குரிய எண். அதனால் ப்ளான் படத்தை முதலில் படியுங்கள், ப்ரொஃபைல் அப்புறம். ப்ரொஃபைலில் எண்ணுக்கு அடியில் கோடு இருந்தால் அதற்குக் கீழே போகக் கூடாது, மேலே கோடு இருந்தால் அதற்கு மேல் போகக் கூடாது, இரண்டும் இருந்தால் அதே உயரம்.

வழிப்புள்ளிகளுக்கு ஏன் ஐந்தெழுத்துப் பெயர்கள்?

ரேடியோவில் ஒரே மூச்சில் சொல்ல வர வேண்டும், வேறொன்றோடு குழம்பக் கூடாது. பெயர் வைப்பவர்கள் விளையாடுவதும் உண்டு. பார்பிக்யூவுக்குப் பேர்போன கன்சாஸ் சிட்டி பக்கம் ஸ்பைசி, ஸ்மோக், ரிப்ஸ் என்றெல்லாம் புள்ளிகள் இருக்கின்றன.

எஃப்.எம்.எஸ்.ஸில் (விமானத்தின் வழிக் கணினி) எல்லாப் பாதையும் ஏற்றியிருக்கும்போது சார்ட்டை எதற்குப் பார்க்க வேண்டும்?

கொலம்பியாவின் காலி நகரத்துக்கு 1995 டிசம்பர் 20 அன்று வந்த அமெரிக்கன் 965-ஐப் பாருங்கள். மயாமியிலிருந்து வந்த போயிங் 757. வடக்கிலிருந்து நேராக 19-ஆம் ரன்வேக்கு வரலாமா என்று கன்ட்ரோலர் கேட்க, தாமதத்தில் இருந்த விமானிகள் ஒப்புக்கொண்டார்கள். அந்தப் பாதையில் ரோசோ என்று ஒரு ரேடியோ பீக்கன். சார்ட்டில் அதன் அடையாளம் 'ஆர்'. அந்த ஒற்றை எழுத்தை எஃப்.எம்.எஸ்.ஸில் தட்டினார்கள். பட்டியலில் முதலில் வந்ததோ பொகோட்டா அருகே இருக்கும் ரோமியோ பீக்கன். ரோசோ வேண்டுமென்றால் முழுப் பெயரையும் தட்டியிருக்க வேண்டும், தரவுத்தளத்தில் அப்படித்தான் வைத்திருந்தார்கள். விமானம் இரவில் இடது பக்கம், மலைகளை நோக்கித் திரும்பியது. 163 பேரில் பிழைத்தவர்கள் 4 பேர்.

சார்ட் சரி, தரவுத்தளமும் அதனளவில் சரி. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க அந்த நிமிடத்தில் ஆள் இல்லை. ஒரு புள்ளியை ஏற்றியதும் அதன் திசையும் தூரமும் சார்ட்டோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் எக்ஸிக்யூட் பொத்தானை அழுத்தாதீர்கள்.

புறப்பாட்டுச் சார்ட்டில் ஒரு கடல் மைலுக்கு 340 அடி ஏற வேண்டும் என்கிறது. என் மீட்டரோ நிமிடத்துக்கு எத்தனை அடி என்று காட்டுகிறது.

தரைவேகத்தை 60-ஆல் வகுத்து 340-ஆல் பெருக்குங்கள். தரைவேகம் 120 நாட் (மணிக்கு 120 கடல் மைல்) என்றால் நிமிடத்துக்கு 680 அடி. பின்காற்று சேர்ந்து 150 நாட் ஆனால் 850 அடி. பலர் காற்றுவேகத்தைப் போட்டுக் கணக்கிடுகிறார்கள், அது தப்பு.

சார்ட்டில் எதுவும் போடாவிட்டால் மைலுக்கு 200 அடி என்று பொருள். அதில் 152 அடி, தடைகள் தாண்டக் கூடாத சரிவுக் கோட்டுக்குப் போய்விடும். உங்களுக்கு மிஞ்சும் இடைவெளி மைலுக்கு 48 அடி. ரன்வே முனையிலிருந்து ஒரு மைல் போன பிறகு 48 அடி என்பது எவ்வளவு சொற்பம் என்று யோசித்துப் பாருங்கள். வெயில் நேரத்தில், சுமை ஏற்றிய ஒற்றை எஞ்சின் விமானத்தில், கையேட்டைப் புரட்டாமல் கிளம்பாதீர்கள்.

சார்ட்டில் எல்நேவ் (பக்கவாட்டு வழி மட்டும் காட்டும் ஜி.பி.எஸ். அப்ரோச்) மட்டும் இருக்கிறது. ஆனால் என் ஜி.பி.எஸ். கிளைட்பாத் (இறங்கும் சரிவுக் கோடு) காட்டுகிறதே, அதைப் பிடித்து இறங்கலாமா?

பிடித்து வரலாம், ஆனால் எம்.டி.ஏ. (ரன்வே தெரியாமல் இறங்கக்கூடிய கடைசி உயரம்) வரைதான். திரையில் 'எல்நேவ் பிளஸ் வி' என்று வருவது ஆலோசனைக்காக ஜி.பி.எஸ். தானே போடும் கோடு. எம்.டி.ஏ.வுக்குக் கீழே அந்தக் கோட்டின் மேல் மரம் நிற்கிறதா என்று யாரும் சரிபார்த்திருக்க மாட்டார்கள். ரன்வே தெரியாவிட்டால் அந்த உயரத்திலேயே இறங்குவதை நிறுத்த வேண்டும்.

எல்.பி.வி. என்ற ஜி.பி.எஸ். அப்ரோச் வேறு. அதற்கு டி.ஏ. (இறங்குவதா, மேலேறுவதா என்று முடிவெடுக்கும் உயரம்) உண்டு, கிளைட்பாத்தும் அதிகாரப்பூர்வமானது. ஆனால் அமெரிக்காவின் வாஸ், இந்தியாவின் ககன் போன்ற, ஜி.பி.எஸ்.ஸைத் துல்லியமாக்கும் துணைச் செயற்கைக்கோள் அமைப்பு வேண்டும். 2022 ஏப்ரலில் இண்டிகோவின் ஏ.டி.ஆர். விமானம் ராஜஸ்தானின் கிஷன்கரில் ககனை வைத்து இறங்கியது இந்த வகைதான்.

போன மாத சார்ட்டை வைத்துப் பறந்தால் பெரிய தப்பா?

சிமுலேட்டரில் தப்பில்லை. நிஜத்தில் உண்டு. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் ஏரக் சுழற்சி (விமானத் தகவல்களைப் புதுப்பிக்கும் கால அட்டவணை) 28 நாள், புதியது எப்போதும் ஒரு வியாழக்கிழமை அமலுக்கு வரும். இடையில் வரும் மாற்றம் நோட்டமில் (விமானிகளுக்கான அறிவிப்பு) இருக்கும், அதையும் பாருங்கள். டேப்லெட்டில் சார்ட் புதுப்பித்துவிட்டு, விமானத்தின் ஜி.பி.எஸ். தரவுத்தளத்தைப் பழையதாகவே விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். இரண்டின் தேதியும் ஒன்றா என்று இன்ஜின் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.