2 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டும் மெதுவாகவே இருக்கிறது. வேகப்படுத்த என்ன செய்யலாம்?

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். செலரான் பிராசசர், 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய லேப்டாப். உபுண்டு போட்டிருக்கிறீர்கள். பிரவுசரில் நாலு டேப் திறந்தால் மவுஸ்கூட நகர மாட்டேன் என்கிறது. மகள் பத்தாம் வகுப்பு, அவள் படிக்க வீட்டில் இருப்பது இது ஒன்றுதான், புதிது வாங்க இப்போது வழியில்லை.

பல்லடம், திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனிகளிலும் தறிக் குடோன்களிலும் இருக்கிற பழைய கணினிகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. உங்கள் லேப்டாப்பைத் தூக்கிப் போட வேண்டியதே இல்லைங்க. பாடம் படிக்க, வீடியோ பார்க்க, கட்டுரை தட்டச்சு செய்ய அது தாராளமாகப் போதும்.

ஆனால் ஒன்று. இணையத்தில் வரும் "லினக்ஸை வேகமாக்கும் வழிகள்" பட்டியலை மேலிருந்து கீழாகச் செய்துகொண்டே போகாதீர்கள். கணினி எதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். ரேம் போதாமல் நிற்கிறதா, டிஸ்க்குக்காக நிற்கிறதா, சூடாகித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறதா, இல்லை உண்மையிலேயே பிராசசருக்குச் சக்தி இல்லையா? நாலுக்கும் மருந்து வேறு வேறு.

பார்ப்பது சுலபம். கட்டளை தட்டும் ஜன்னலான டெர்மினலைத் திறந்து விஎம்ஸ்டாட் என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டி, இடம் விட்டு 1 போட்டு என்டர் அழுத்துங்கள். நொடிக்கு ஒரு வரி ஓடும். முதல் வரி கணினி தொடங்கியதிலிருந்து உள்ள சராசரி, அதை விட்டுவிடுங்கள். இது ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரவுசரில் டேப்களைத் திறங்கள். எஸ்ஐ, எஸ்ஓ என்ற இரண்டு பத்திகளில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் எண்கள் விடாமல் வந்தால் ரேம் போதவில்லை, ஸ்வாப்புக்கும் (ரேம் போதாதபோது பயன்படுத்த ஒதுக்கிய துணை நினைவு இடம்) ரேமுக்கும் தரவு போய் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அவை பூஜ்யமாக இருந்து டபிள்யூஏ பத்தி மட்டும் எகிறினால் டிஸ்க்தான் தாமதம். இரண்டுமே குறைவாக இருந்து யுஎஸ் என்ற பத்தி நூறை நெருங்கினால் பிராசசர் திணறுகிறது, அப்போது சூட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு, அதாவது நாலு டேப்பில் மவுஸே நின்றுபோவதற்கு, பெரும்பாலும் காரணம் ரேம் நிறைந்து ஹார்ட் டிஸ்க்கில் உள்ள ஸ்வாப்பை அது நம்பியிருப்பதுதான். சுழலும் லேப்டாப் டிஸ்க் நிமிடத்துக்கு 5400 சுற்று. தொடர்ச்சியான கோப்பைப் படிக்கும்போது நொடிக்குப் பல பத்து எம்பி தரும். ஆனால் சிதறிக் கிடக்கும் துண்டுகளைத் தேடி எடுக்கச் சொன்னால் நொடிக்குச் சுமார் நூறு தேடல்தான் அதால் முடியும். ஸ்வாப்பில் நினைவகப் பக்கங்கள் 4 கேபி அளவில் சிதறித்தான் கிடக்கும். நூறு தடவை 4 கேபி என்றால் நொடிக்கு 400 கேபி. பல நூறு எம்பி நினைவை அந்த வேகத்தில் இழுத்து வரும்வரை மவுஸ் எப்படி நகரும்?

இதற்குக் காசில்லாத மருந்து இசட்ரேம். ரேமிலேயே ஒரு பகுதியைச் சுருக்கப்பட்ட ஸ்வாப்பாக வைத்துக்கொள்ளும் முறை இது. ஹார்ட் டிஸ்க்குக்குப் போக வேண்டிய பக்கங்களைச் சுருக்கி ரேமிலேயே அடுக்கி வைக்கும். பொதுவாக 1 ஜிபி அளவுள்ள பக்கங்கள் 350 முதல் 500 எம்பிக்குள் அடங்கிவிடும். சுருக்கவும் விரிக்கவும் பிராசசருக்குக் கொஞ்சம் வேலைதான், ஆனால் டிஸ்க்குக்குக் காத்திருப்பதோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. 2014 முதல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் முழு அங்கமாக இருக்கிறது. ஃபெடோரா என்ற லினக்ஸ் 2020-ல் வந்த 33ஆம் பதிப்பிலிருந்து இதை இயல்பாகவே போட்டுத் தருகிறது. ரேம் குறைந்த ஆண்ட்ராய்டு போன்கள் சமாளிப்பதும் இதை வைத்துத்தான்.

உபுண்டு, மின்ட், டெபியன் என இந்த லினக்ஸ் வகைகளில் எதுவானாலும் இசட்ரேம் டூல்ஸ் என்ற பேக்கேஜை (மென்பொருள் தொகுப்பு) நிறுவுங்கள். இடிசி அடைவுக்குள் டிஃபால்ட் என்ற அடைவில் இசட்ரேம்ஸ்வாப் என்ற கோப்பு இருக்கும். அதில் அல்கோ என்ற இடத்தில் எல்இசட்4 அல்லது இசட்எஸ்டிடி (இரண்டும் சுருக்கும் முறைகள்), பர்சென்ட் என்ற இடத்தில் 75 போட்டு, வரிகளின் முன்னால் உள்ள ஹாஷ் குறியை எடுத்துவிட்டு, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். உங்கள் செலரானுக்கு எல்இசட்4 போதும், அது பிராசசரை அதிகம் படுத்தாது. டிஸ்க்கில் ஏற்கெனவே உள்ள ஸ்வாப் அப்படியே இருக்கட்டும். இசட்ரேம் நிறைந்த பிறகுதான் அதைத் தொடும்.

இங்கே ஒரு விஷயத்தில் நான் இணையத்தில் பலரும் சொல்வதற்கு எதிராகச் சொல்கிறேன். ஸ்வாப்பினஸ், அதாவது ஸ்வாப்பை எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்தலாம் என்ற மதிப்பை, 60-லிருந்து 10-க்குக் குறை என்று எல்லாப் பட்டியலிலும் இருக்கும். அந்த அறிவுரை மெதுவான டிஸ்க்கில் ஸ்வாப் வைத்திருந்தவர்களுக்காகச் சொல்லப்பட்டது. இசட்ரேம் போட்ட பிறகு ஸ்வாப் செய்வது மலிவான வேலை. அப்போது மதிப்பைக் கூட்ட வேண்டும். 2020-ல் வந்த 5.8 கெர்னலிலிருந்து 200 வரை வைக்கலாம். 100-லிருந்து 150-க்குள் வையுங்கள்.

இன்னொரு தவறான அறிவுரை, ரேமைக் காலி செய்யும் கட்டளை. ஃப்ரீ என்ற கட்டளை கொடுத்துப் பார்த்தால் "ஃப்ரீ" பத்தியில் வெறும் 80 எம்பி என்று காட்டும், மனது பதறும். பார்க்க வேண்டியது "அவைலபிள்" பத்தி. சும்மா கிடக்கும் ரேமில் லினக்ஸ் படித்த கோப்புகளை வைத்துக்கொள்கிறது, தேவைப்பட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். அப்படி வைத்திருக்கும் கேஷைத் துடைத்தால் அதே கோப்புகளை மறுபடியும் அந்த மெதுவான டிஸ்க்கிலிருந்து படிக்க வேண்டி வரும், கணினி முன்னைவிட மெதுவாகும்.

இசட்ரேமோடு இயர்லிஊம் என்ற சிறிய பேக்கேஜையும் போடுங்கள். ரேம் முழுதும் தீர்ந்து கணினி உறைந்துபோவதற்கு முன்பே, அதிகம் தின்கிற ஒரு நிரலை அது நிறுத்திவிடும். ஒரு டேப் மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். மகள் எழுதிக்கொண்டிருக்கிற கட்டுரை பவர் பட்டனை அழுத்திப் பிடித்ததால் போகாது.

அடுத்து டெஸ்க்டாப், அதாவது திரையில் ஜன்னல்களையும் மெனுவையும் காட்டும் சூழல். உபுண்டுவின் க்னோம் நல்ல சூழல்தான், ஆனால் 2 ஜிபி ரேமுக்கு அது பொருந்தாது. ஒன்றுமே திறக்காதபோதே பாதி ரேமை எடுத்துக்கொள்ளும். மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, எம்எக்ஸ் லினக்ஸ், லுபுண்டு இவற்றில் ஒன்றைப் போடுங்கள். வீட்டில் மற்றவர்களும் தொடுவார்கள் என்றால் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்பேன், எதுவும் தேட வேண்டியிருக்காது. 1 ஜிபி ரேம் இயந்திரம் என்றால் ஆன்டிஎக்ஸ். எக்ஸ்எஃப்சிஇ-யில் விண்டோ மேனேஜர் அமைப்புக்குப் போய் கம்பாசிட்டிங்கை (நிழல் போன்ற ஜன்னல் அலங்காரம்) அணைத்தால், பழைய கிராபிக்ஸ் உள்ள இயந்திரங்களில் ஜன்னலை நகர்த்துவதே இலேசாகும்.

32 பிட் போட்டால் ரேம் மிச்சமாகுமே என்று நினைக்கலாம். கொஞ்சம் மிச்சமாகும், ஆனால் அந்தப் பாதை முடிந்துகொண்டிருக்கிறது. உபுண்டு 2017-லேயே 32 பிட் நிறுவல் வடிவத்தை நிறுத்திவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இலும் 32 பிட் இன்டெல் கணினிக்கு நிறுவி இல்லை. உங்கள் செலரான் 64 பிட் என்றால் 64 பிட்டே போடுங்கள். எல்எஸ்சிபியு என்ற கட்டளை அதைச் சொல்லிவிடும்.

இப்போது சூடு. நம் ஊர்ப் பக்கம் இதைத் தனியாகவே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எந்த வழிகாட்டியிலும் பஞ்சைப் பற்றி இருக்காது. சோமனூர், பல்லடம் தறிக் குடோன்களிலும் திருப்பூர் கட்டிங் செக்‌ஷன்களிலும் காற்றில் எப்போதும் பஞ்சு மிதக்கும். பொள்ளாச்சி பக்கம் தேங்காய் நார்த் தூசி. ஃபேன் இதை உள்ளே இழுத்து, ஃபேனுக்கும் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துணி மாதிரி ஒரு படலமாகப் படிய வைக்கும். வெளியே இருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். காற்று போக வழியில்லாமல் பிராசசர் சூடாகும், எரிந்துபோகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். லினக்ஸை எத்தனை முறை மாற்றிப் போட்டாலும் இது தீராது. ஒரு பனியன் கம்பெனியில் பில் போடும் கணினி காலையில் நன்றாக ஓடி மதியத்துக்கு மேல் படுத்துவிடும். திறந்து பார்த்தால் தகடுகளின் மேல் அந்தப் படலம் அப்படியே உரிந்து வந்தது. எடுத்துவிட்டுப் பிராசசருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே புதுத் தெர்மல் பேஸ்ட் வைத்ததோடு அந்த மதியப் பிரச்சினை போயிற்று, மென்பொருளில் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.

உங்கள் வீடு தறிக்குப் பக்கத்தில் இல்லாமல் இருக்கலாம். லேப்டாப் எங்கிருந்து கை மாறி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். எல்எம் சென்சார்ஸ் பேக்கேஜைப் போட்டு சென்சார்ஸ் என்று தட்டினால் வெப்பநிலை தெரியும். வேலை கொடுக்கும்போது 90 டிகிரியைத் தாண்டுகிறது, கூடவே பிராசசரின் மெகாஹெர்ட்ஸ் இறங்குகிறது என்றால் திறந்து சுத்தம் செய்ய வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டுத் திறங்கள். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு பிரஷால் எடுங்கள். மூடியிருக்கும்போது வெளியிலிருந்து புளோயர் அடித்தால் படலம் இன்னும் உள்ளே போய் இறுகும். தைரியம் இல்லையென்றால் கடையில் கொடுங்கள், ஆனால் "தெர்மல் பேஸ்டும் மாற்றுங்க அண்ணா" என்று சொல்லிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் தூசியை மட்டும் ஊதித் தந்துவிடுவார்கள்.

டிஸ்க்கின் உடல்நிலையையும் பாருங்கள். ஸ்மார்ட்மான்டூல்ஸ் போட்டு, டிஸ்க் தன்னைப் பற்றிப் பதிந்து வைத்திருக்கும் ஸ்மார்ட் விவரத்தை எடுத்தால் "கரன்ட் பென்டிங் செக்டர்" என்ற வரி வரும். அது பூஜ்யமாக இல்லை என்றால், படிக்க முடியாத இடங்களை டிஸ்க் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கிறது. வேகத்தை மறந்துவிட்டு முதலில் போட்டோக்களையும் பாடக் கோப்புகளையும் வேறு இடத்தில் எடுத்து வையுங்கள்.

தொடங்கும் நேரத்துக்கு சிஸ்டம்டி அனலைஸ் பிளேம் என்ற கட்டளை உண்டு. நெட்வொர்க்குக்காகக் காத்திருக்கும் சேவை மேலே இருந்தால் அதை முடக்கலாம், வீட்டுக் கணினிக்கு அது தேவையில்லை. புளூடூத், பிரின்டர் சேவைகளை முடக்கினால் கிடைப்பது சொற்பம்தான். பாதுகாப்புத் தடுப்புகளை அணைத்து வேகம் கூட்டும் கெர்னல் அமைப்பு ஒன்றைச் சிலர் சொல்வார்கள். பிள்ளை இணையத்தில் உலாவும் கணினியில் அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

மீதி எல்லாம் பிரவுசர். உபுண்டு 22.04-லிருந்து ஃபயர்பாக்ஸ் ஸ்னாப் வடிவில் வருகிறது. சுருக்கப்பட்ட கோப்பிலிருந்து விரித்துத் திறப்பதால் பழைய டிஸ்க்கில் முதல் முறை திறக்க வெகு நேரம் ஆகும். ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவே வழக்கமான டெப் பேக்கேஜாகத் தருவதைப் போடுங்கள், அல்லது மின்டுக்குப் போனால் அதுவே டெப்பாக இருக்கும். யுபிளாக் ஆரிஜின் நீட்சி கட்டாயம். விளம்பரம் போவதோடு அந்த விளம்பரங்கள் தின்னும் ரேமும் மிச்சமாகும். யூடியூபில் பாட வீடியோ விக்கினால், அது விபி9 அல்லது ஏவி1 வடிவில் அனுப்புவதும், பழைய சிப்பில் அதை விரிக்க வன்பொருள் இல்லாததும் காரணம். ஹெச்264ஐஃபை என்ற நீட்சி போட்டால் பழைய சிப்புகளுக்குத் தெரிந்த ஹெச்.264 வடிவில் வரும். 480 தரத்தில் பாருங்கள், கரும்பலகை எழுத்து தெளிவாகவே தெரியும். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புத்தகங்களைப் பிரவுசரிலேயே திறக்காமல், பிடிஎஃப்-ஐ இறக்கி மியூபிடிஎஃப் அல்லது ஜதுராவில் திறந்தால் பக்கம் புரட்டுவது சட்டென்று நடக்கும்.

2011 செப்டம்பர் முதல் அரசு கொடுத்த இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை வைத்து உருவாக்கியது. அந்த லேப்டாப்களில் ஒன்று உங்களுக்குத் தெரிந்த யார் வீட்டிலாவது அலமாரியில் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள். அதன் ரேம் உங்களுக்குப் பொருந்தினால் காசே வேண்டாம். இல்லையென்றால் கோயம்புத்தூர் காந்திபுரம் பக்கம் பழைய ரேம் விற்பவர்களிடம் போகலாம். போகும் முன் பழைய ரேமைக் கழற்றி அதன் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டிடிஆர்3, டிடிஆர்3எல் இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். முதலாவது 1.5 வோல்ட், இரண்டாவது 1.35 வோல்ட். 1.35 மட்டுமே ஏற்கும் லேப்டாப்பில் மற்றது ஓடாது. சில லேப்டாப்களில் ரேம் போர்டிலேயே பற்ற வைத்திருக்கும், அதையும் திறந்து பார்த்துவிடுங்கள்.

கையில் ஒன்றுக்குத்தான் காசு என்றால், ரேம் மாற்ற முடிந்த லேப்டாப்பாக இருக்கும் பட்சத்தில் முதலில் 4 ஜிபி ரேம். நாலு டேப்பில் நிற்பது அதனால்தான் தீரும். ரேம் மாற்ற முடியாது என்றால் 120 அல்லது 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்). பழைய போர்டில் டிஸ்க் இணைப்பு சாட்டா 2 தான் இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். நொடிக்கு 300 எம்பி வரை அது விடும். நமக்கு வேண்டியது சிதறிய துண்டுகளைத் தேடும் வேகம், அது எஸ்எஸ்டியில் ஹார்ட் டிஸ்க்கைப் போல நூறு மடங்குக்கும் மேல். கடைக்குப் போவதற்கு முன் இசட்ரேமும் எக்ஸ்எஃப்சிஇ-யும் போட்டு விஎம்ஸ்டாட்டை இன்னொரு முறை ஓடவிட்டுப் பாருங்கள். எஸ்ஐ, எஸ்ஓ-வில் எண்கள் ஓடினாலும் டபிள்யூஏ அடங்கி மவுஸ் தடையில்லாமல் நகர்ந்தால், அந்தக் காசு மகளின் நோட்டுப் புத்தகத்துக்கே இருக்கட்டும்.