குரலுக்கும் சாவு உண்டு

மதிப்பிற்குரிய ஐயா,

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து ரொறொன்ரோவில் வளர்ந்தவன். வானொலி நாடக நடிகர் கே. எஸ். பாலச்சந்திரன் 2014 பெப்ரவரியில் காலமானபோது அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. சென்ற மாதம் அம்மா அவருடைய 'அண்ணை றைற்' என்ற நகைச்சுவைத் தனிநடிப்பைப் பற்றிச் சொல்லிச் சிரித்தபோதுதான் இணையத்தில் தேடினேன். சின்னத்திரை நடிகர் ஒருவர் இறந்தால் ஒரு நாளாவது செய்தி வருகிறது. வானொலித் தொடர்களில் நடித்தவர்களுக்கு அதுவும் இல்லையே, இது ஊடகங்களின் குற்றமா? குரலுக்கு மரணமில்லை என்று ஆறுதல் கொள்கிறேன். இவர்களைப் பற்றி அறிய எந்த நூலிலிருந்து தொடங்கலாம்?

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்தபோது நான் ஒரு மரண அறிவித்தலைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன். நூல்களைப் பிறகு பார்க்கலாம். ஊடகங்களைப் பற்றிய கேள்வியையும் விடுங்கள். முகம் தெரியாதவருக்குப் பத்திரிகை இடம் ஒதுக்காது, அவ்வளவுதான். ஆனால் 'குரலுக்கு மரணமில்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வானொலிக் கலைஞர்களின் அஞ்சலிக் கூட்டங்களில் யாராவது ஒருவர் இதைச் சொல்ல, மற்றவர்கள் தலையசைத்துக் கலைந்து போவதை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

குரல் சாகும், தம்பி. இலங்கை வானொலியில் சில்லையூர் செல்வராசன் எழுதிய 'தணியாத தாகம்' தொடர் நாடகம் ஒலித்த நேரத்தில் எங்கள் வீட்டில் அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்திவிடுவார். துருவலகின் சத்தத்தில் ஒரு சொல் தவறிவிடக் கூடாது என்பதற்காக. பாலச்சந்திரனும் கமலினி செல்வராசனும் நடித்த அந்தத் தொடரை இன்று முதல் வாரத்திலிருந்து கடைசி வாரம்வரை உங்களால் கேட்க முடியுமா? ஒலிநாடா விலை கூடிய பொருள் என்பதால், ஒன்றை அழித்து அதன்மேல் இன்னொன்றைப் பதிவது அந்தக் காலத்தில் உலகெங்கும் வானொலி நிலையங்களின் வழக்கமாக இருந்தது. அழியாமல் தப்பியதைப் புழுக்கமும் பூஞ்சையும் தின்றன. எங்கள் வீட்டில் நாங்களே வானொலிக்குப் பக்கத்தில் வைத்துப் பதிந்த கசற்றுகள் இருந்தன. 1995 ஒக்ரோபரில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு இரவோடிரவாக நடந்தபோது அவற்றை எடுக்க எவருக்கும் தோன்றவில்லை. திரும்பி வந்தபோது அலுமாரியே இல்லை. அதே ஆண்டில்தான் செல்வராசனும் காலமானார். வானொலி அறிவிப்பாளர் ராஜேஸ்வரி சண்முகம் 2012இலும், கமலினி 2015இலும் போனார்கள். இவர்களுக்காவது பெயர் இருந்தது, அழுவதற்கு ஆட்கள் இருந்தார்கள். பாலச்சந்திரன் மேடையிலும் திரையிலும் நடித்தவர், நாவலும் எழுதியவர். அவரை அறிந்தவர்கள் அவரை வெறுமனே வழியனுப்பவில்லை.

நான் யோசித்துக்கொண்டிருந்த மரண அறிவித்தலுக்குரிய அம்மையாருக்கு அதுவும் கிடைக்கவில்லை. எழுபதுகளின் கடைசியில், மாணவனாக இருந்தபோது, கொழும்பில் ஒரு நாடக ஒலிப்பதிவைப் பார்க்க நண்பர் ஒருவர் என்னை அழைத்துச் சென்றார். பகலில் ஓர் அலுவலகத்தில் தட்டெழுத்தாளராக இருந்த அந்த அம்மையார், அதில் தாய் வேடம் ஏற்றிருந்தார். கலையகத்துக்குள் நுழையுமுன் வளையல்களைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்தார். ஒலிவாங்கிக்கு அவையும் கேட்கும். பிரதியின் தாள்களைப் பிரித்து வைத்துக்கொண்டு, படித்து முடித்த தாளை ஓசை எழாதபடி விரிப்பின்மேல் நழுவவிட்டார். மகனின் உடலைக் கண்டு கதற வேண்டிய இடத்தில் இரண்டு அடி பின்னால் போய், முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். பிறகு ஒலிவாங்கியை நெருங்கி வந்து, உதடு அதில் படுமளவுக்கு, "விளக்கைக் கொளுத்து பிள்ளை, இருட்டுது" என்றார். அந்த வரியை அன்று நின்றபடியே கேட்ட எனக்கு இன்றும் அது காதில் இருக்கிறது. ஆனால் என் காதைத் தவிர வேறெங்கும் இல்லை.

ஊரில் யார் இறந்தாலும் வானொலியின் மரண அறிவித்தலைக் கேட்டுச் செத்தவீட்டுக்குப் புறப்பட்ட சனம் நாங்கள். அந்த அம்மையாரின் அறிவித்தல் எட்டு மாதம் பிந்தி இணையத்தில் என் கண்ணில் பட்டது. இன்னாரின் அன்பு மனைவி, இன்னாரின் பாசமிகு தாயார், பிள்ளைகள் வாழும் மூன்று நாடுகள், தகனம் நடக்கும் இடம், எல்லாம் இருந்தன. அவர் நடித்தார் என்ற ஒரு சொல் இல்லை. படத்தில் இருந்த முகமும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. பெயரையும் ஊரையும் வைத்தே அறிந்தேன். பெற்ற பிள்ளைகளுக்கே அது சொல்லத்தக்கதாகத் தோன்றவில்லை என்றால், குற்றத்தை யார்மேல் ஏற்றுவீர்கள்?

2014இல் நீங்கள் சிறுவனாக இருந்திருப்பீர்கள். அதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அம்மா சிரித்தபோது எழுந்துபோய் இணையத்தில் தேடினீர்களே, அது பெரிய பிழை. அந்தச் சிரிப்பை விட்டுவிட்டு வேறெங்கே தேடப் போனீர்கள்? அவருக்குப் பக்கத்தில் இருந்து, வேறு எந்தக் குரல்கள் நினைவிருக்கின்றன, எந்த வசனம், யாருடைய வீட்டில் கூடிக் கேட்டார்கள் என்று கேட்டுப் பதிந்து வையுங்கள். நூல் எங்கும் போகாது, அம்மாவுக்கு வயதாகிறது.

உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டு நிலவறையிலோ ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய கசற்றுகள் இருந்தால், ஆசைப்பட்டு உடனே ஓடவிட வேண்டாம். நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருந்தால், ஒருமுறை ஓடினாலே பதிவு கெட்டுவிடக்கூடும்; அதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கசற்றின் மேலுறையில் எழுதியிருப்பதை நம்பாமல் இரு பக்கத்தையும் முழுவதும் கேளுங்கள். பாட்டுகளுக்கு நடுவே நாடகத் துண்டுகள் சிக்கியிருப்பதுண்டு. எங்காவது ஒரு பெண், தாழ்ந்த குரலில், விளக்கைக் கொளுத்தச் சொன்னால், நேரம் பார்க்காமல் என்னை அழையுங்கள்.