மோதினால் ஃபவுல், மோத வைத்தால்?

ரோபாட்டிக்ஸ் போட்டிகளில் தடுப்பாட்டம் குறித்து வாசகர்கள் கேட்டவை

கேள்வி: எதிரணி ரோபோவை எங்கள் டிரைவர் களத்துச் சுவரோடு சேர்த்து மறித்தார். நாலு எண்ணியதும் பின்வாங்கினார், மறுபடி போய் மறித்தார். எந்த முறையும் 5 விநாடியைத் தாண்டவில்லை. ஆனாலும் ஃபவுல் விழுந்தது. நடுவரின் தவறுதானே?

பதில்: இல்லை, நடுவர் எண்ணியது சரி. பின்னிங், அதாவது எதிரணி ரோபோவை நகரவிடாமல் மறித்து வைத்தல், பற்றிய விதியைப் படிக்கிறவர்களில் பலர் விநாடியை மனப்பாடம் செய்துகொண்டு தூரத்தைக் கோட்டைவிட்டுவிடுகிறார்கள். எஃப்ஆர்சி (FIRST Robotics Competition) என்ற பள்ளி மாணவர் போட்டியின் 2024 விதிநூலில் வரம்பு 5 விநாடி. ஆனால் அந்த எண்ணிக்கை முடிவதற்கு மூன்றே வழிகள்தான் உண்டு. இரு ரோபோக்களும் ஒன்றையொன்று விட்டு 6 அடி, அதாவது சுமார் 183 செ.மீ., விலகி 3 விநாடிக்கு மேல் இருக்க வேண்டும். அல்லது, பின்னிங் தொடங்கிய இடத்திலிருந்து இரண்டில் ஒன்று 6 அடி நகர்ந்து 3 விநாடிக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால், மறித்த ரோபோவே மறிக்கப்பட வேண்டும்.

உங்கள் ஆட்டத்தை இப்போது பாருங்கள். நாலு வரை மறித்தீர்கள், அரை மீட்டர் பின்வாங்கினீர்கள், ஒரு விநாடியில் திரும்ப மோதினீர்கள். 6 அடியைத் தொடாததால் எண்ணிக்கை நிற்கவே இல்லை. 6 அடி விலகியிருந்தாலும் அது இடைநிறுத்தம் மட்டுமே. 3 விநாடி முடியும் முன் நெருங்கினால் ஒன்றிலிருந்து தொடங்காது, விட்ட எண்ணிலிருந்து தொடரும். நீங்கள் இரண்டாவது தடவை என்று நினைத்தது நடுவருக்கு ஐந்தாவது விநாடி.

டிரைவர் நிற்குமிடத்திலிருந்து தூரம் கணிப்பது கடினம். களம் ஏறக்குறைய 16.5 மீட்டர் நீளம், எதிர்முனையில் நடப்பது கண்ணுக்குச் சுருங்கித்தான் தெரியும். பம்பரோடு சேர்த்தால் ரோபோ ஏறக்குறைய 90 செ.மீ. இருக்கும் என்பதால், நடுவில் இரண்டு ரோபோ நிற்க இடம் இருந்தால் 6 அடி என்று பழகுங்கள். பயிற்சித் தரையில் டேப் ஒட்டி, டிரைவர் நிலையத்தில் நின்று அந்த இடைவெளி எப்படித் தெரிகிறது என்று பார்ப்பது நல்லது. எண்ணும் வேலை டிரைவருடையது அல்ல, பக்கத்தில் நிற்கும் கோச்சுடையது. 5 விநாடி வரம்பில் "மூணு" என்றதும் கிளம்பிவிட வேண்டும், நாலு வரை இழுத்தால் ரோபோ திரும்புவதற்குள் ஐந்தாகிவிடும். 2025-இல் வரம்பே 3 விநாடியாகக் குறைந்தது, பழைய பழக்கத்தோடு போன டிரைவருக்கு அது பெரிய இழப்பு.

வெக்ஸ் வி5 என்ற இன்னொரு மாணவர் ரோபோ போட்டியில் வேறு கணக்கு. அங்கே ‘ஹோல்டிங்’ என்ற பெயரில் மறித்தல், அடைத்தல், தூக்குதல் மூன்றும் சேர்ந்து வரும். 5 எண்ணிக்கை முடிவதற்குள் சுமார் 2 அடி, அதாவது ஒரு தரை ஓடு அளவு, விலக வேண்டும். விட்ட ரோபோவை அடுத்த 5 எண்ணிக்கை வரை மறுபடி பிடிக்கக் கூடாது.

கேள்வி: மறிக்கப்பட்ட பக்கம் நாங்கள். பத்து விநாடி சிக்கிக் கிடந்தோம், நடுவர் எண்ணவே இல்லை. ஏன்?

பதில்: உங்கள் டிரைவர் ஜாய்ஸ்டிக்கை விட்டுவிட்டாரா? நகர முயலும் ரோபோவைத் தொட்டுத் தடுத்தால்தான் அது பின்னிங். சும்மா நிற்கும் ரோபோவுக்கு எண்ணிக்கை கிடையாது. அதற்காக முழு விசையில் சுவரைத் தள்ளிக்கொண்டிருக்கவும் கூடாது. சுழல முடியாத மோட்டார் மின்சாரத்தை அள்ளிக் குடிக்கும், பேட்டரியின் மின்னழுத்தம் சரியும். எஃப்ஆர்சி ரோபோவின் கட்டுப்பாட்டுக் கணினியான ரோபோரியோவின் முதல் தலைமுறையில் அது 6.3 வோல்ட்டுக்குக் கீழே போனால் மோட்டார்களுக்கான வெளியீடே துண்டிக்கப்படும், நடுவர் கண்ணுக்கு நீங்கள் மறுபடி ‘சும்மா நிற்கும்’ ரோபோ ஆகிவிடுவீர்கள். அரை விநாடி இடது, அரை விநாடி வலது என்று மாற்றி மாற்றி அசையுங்கள். நீங்கள் முயல்வது பத்து மீட்டருக்கு அப்பாலிருந்தும் தெரிய வேண்டும்.

கேள்வி: எதிரணியின் பாதுகாப்புப் பகுதி (அவர்களை நாங்கள் தொடக் கூடாத இடம்) ஓரத்தில் நின்றோம். அவர்கள்தான் வந்து இடித்தார்கள், ஃபவுல் எங்களுக்கு. அபராதத்தை நம் தலையில் வலியக் கட்டக் கூடாது என்று விதி இருக்கிறதே?

பதில்: இருக்கிறது. எஃப்ஆர்சி, அதன் சிறிய ரோபோ போட்டியான எஃப்டிசி (FIRST Tech Challenge), வெக்ஸ் மூன்றிலும் சொல்வது கிட்டத்தட்ட ஒன்றுதான்: எதிரணியை விதி மீற வைப்பதையே நோக்கமாகக் கொண்டு ஆடக் கூடாது, அப்படி நேர்ந்த மீறலுக்கு மாட்டிக்கொண்டவர்மீது அபராதம் வராது. ஆனால் இந்த விதி நினைக்கிற அளவுக்கு அகலமானது அல்ல.

இரண்டு கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள். இடித்தவர் செய்தது வழக்கமான ஆட்டத்தில் சேருமா? உங்களுக்கு விலக வாய்ப்பு இருந்ததா? எஃப்ஆர்சியின் 2024 ஆட்டத்தில் ‘நோட்’ எனும் நுரை வளையத்தை எடுக்கும் ‘சோர்ஸ்’ பகுதி எதிரணிக்குப் பாதுகாக்கப்பட்ட இடம். இரு ரோபோக்களில் எதன் பம்பராவது அதற்குள் இருக்கும்போது தொடுதல் நடந்தால், யார் முதலில் மோதினாலும் ஃபவுல் தடுப்பவருக்குத்தான். நோட் எடுக்க வந்தவர் வழியில் நீங்கள் நின்று உரசியிருந்தால் அவர் தன் வேலையைத்தான் செய்தார், ஓரத்தில் நிற்பதைத் தேர்ந்தெடுத்தது நீங்கள்.

அதே ரோபோ நோட்டை விட்டுவிட்டு, நடுக்களத்தில் போய்க்கொண்டிருந்த உங்களைப் பக்கவாட்டில் பிடித்து, தப்ப வழியில்லாமல் தன் பகுதிக்குள் தள்ளிக்கொண்டு போனால் கதை வேறு. அங்கே கோல் போடும் நோக்கம் எதுவும் தெரியவில்லை, உங்களுக்கு வழியும் இல்லை. இரண்டும் சேர்ந்தால்தான் விலக்கு கேட்கலாம். ஒன்று மட்டும் இருந்தால் நடுவர் தர மாட்டார் என்றே எண்ணி ஆடுங்கள்.

கேள்வி: ஒரு பொருள்தான் வைத்திருக்கலாம் என்ற ஆட்டத்தில், எதிரணி இரண்டாவதை எங்கள் ரோபோமீது தள்ளிவிட்டது. யார் பிழை?

பதில்: மேலே வந்து விழுந்து சிக்கிக்கொண்டால், தள்ளியவர் பிழை. ஆனால் உங்கள் இன்டேக் ரோலர் (பொருளை உள்ளே இழுக்கும் உருளை) ஓடிக்கொண்டே இருந்து அதை உள்ளே இழுத்திருந்தால் உங்கள் பிழை. பொருள் நுழையும் இடத்தில் ஒரு பீம் பிரேக் சென்சார் (ஒளிக்கற்றை மறிக்கப்பட்டால் உணரும் கருவி) வைத்து, முதல் பொருள் உள்ளே வந்ததும் ரோலர் தானாக நிற்கும்படி செய்யுங்கள். எதிர்த்திசையில் சுழற்ற டிரைவர் கைக்கு எட்டும் தனிப் பொத்தானும் வேண்டும். விழுந்ததை உடனே உதற முயல்வது நடுவருக்கு உங்கள் நோக்கத்தைக் காட்டும்.

கேள்வி: தீர்ப்பு தவறு என்று வீடியோ காட்டலாமா?

பதில்: காட்ட முடியாது. எஃப்ஆர்சி, வெக்ஸ் இரண்டிலும் நடுவர் படமோ வீடியோவோ பார்த்து முடிவை மாற்றுவதில்லை. எஃப்ஆர்சியில் பள்ளி மாணவரான டிரைவ் டீம் (களத்தில் ரோபோவை இயக்கும் குழு) உறுப்பினர் ஒருவர், நடுவரிடம் கேட்பதற்காகக் குறித்துவைத்த ‘கேள்விப் பெட்டி’ என்ற இடத்துக்குள் போய் நிற்க வேண்டும், வழிகாட்டியோ பெற்றோரோ போகக் கூடாது. கையில் அந்த ஆண்டு விதிநூலின் பக்கம் இருக்கட்டும். "எங்களைத் தள்ளினார்கள்" என்று தொடங்காமல், "நடுக்கோட்டருகே, ஏறக்குறைய 40 விநாடி மீதமிருந்தபோது, எந்த விதியின் கீழ் ஃபவுல் கொடுத்தீர்கள்?" என்று கேட்கச் சொல்லுங்கள். விதியின் எண் கிடைத்தால்தான் அதில் விலக்கு வாசகம் பொருந்துமா என்று அடுத்ததாகக் கேட்க முடியும்.