உகாண்டா ரயில் பாதை: கேள்வி பதில்

கேள்வி: மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி வரை பிரிட்டிஷார் ஏன் பாதை போட்டார்கள்?

பதில்: குறி உகாண்டா. நைல் பிறக்கும் இடம் ஜெர்மனியின் கைக்கோ பிரான்சின் கைக்கோ போனால் தன் பிடியில் இருந்த எகிப்து ஆட்டம் கண்டுவிடும் என்று லண்டன் பயந்தது. 1896இல் தொடங்கிய வேலை 1901 டிசம்பரில் இன்றைய கென்யாவின் கிசுமுவில், ஏரிக்கரையில் முடிந்தது. செலவு 50 லட்சம் பவுனைத் தாண்டியது. வழியில் வாழ்ந்த மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேள்வி: கூலிகளாகத் தமிழர்கள் போனார்களா?

பதில்: இந்தப் பாதைக்குப் போனவர்கள் பெரும்பாலும் பஞ்சாபிகள். (நம்மவர்கள் 1860 முதலே ஒப்பந்தக் கூலிகளாகப் போனது தென்னாப்பிரிக்காவின் நட்டாலுக்கு.) சுமார் 32,000 பேர் கராச்சியில் கப்பலேறினார்கள். மூன்று வருட ஒப்பந்தம், சாதாரணக் கூலிக்கு மாதம் 15 ரூபாய். மொம்பாசாவைத் தாண்டியதுமே தாரு வறண்ட காடு. குடிதண்ணீரையே ரயிலில் கொண்டுபோக வேண்டியிருந்தது. செட்சி ஈ கடித்துப் பொதிமாடுகள் செத்தன. மலேரியா, வயிற்றுப்போக்கு, ஆறாத புண். கிட்டத்தட்ட 2,500 பேர் இறந்தார்கள். பாதையின் நீளம் 580 மைல் சொச்சம். மைலுக்கு நான்கு உயிர்! உடல் கெட்டுத் திரும்பியவர்கள் 6,000க்கும் மேல்.

கேள்வி: சாவோ சிங்கங்கள் 135 பேரைத் தின்றது உண்மையா?

பதில்: 1898இல் சாவோ ஆற்றில் இந்தப் பாதைக்குப் பாலம் கட்டும்போது இரண்டு சிங்கங்கள் கூடாரத்துக்குள் புகுந்து ஆட்களை இழுத்துப்போனது உண்மை. 135 என்பது அவற்றைச் சுட்ட பொறியாளர் பாட்டர்சன் பின்னாளில் சொன்ன கணக்கு. சிகாகோ அருங்காட்சியகத்தில் உள்ள அவற்றின் முடியையும் எலும்பையும் ஆராய்ந்தவர்கள் சுமார் 35 என்கிறார்கள். சிங்கத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். காய்ச்சலில் போனவர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

கேள்வி: உள்ளூர் மக்கள் எதிர்க்கவில்லையா?

பதில்: மேற்குக் கென்யாவின் நாண்டி மக்கள் பத்தாண்டுக்கு மேல் போராடினார்கள். தந்திக் கம்பியையும் தண்டவாள போல்ட்டுகளையும் கழற்றிக்கொண்டு போனார்கள். 1905 அக்டோபரில் அவர்களுடைய தலைவர் கொய்தலேல் அராப் சமோயியைச் சமாதானம் பேசலாம் என்று வரவழைத்து, மைனர்ட்ஸ்ஹாகன் என்ற அதிகாரி சுட்டுக் கொன்றார். அப்பட்டமான துரோகம் அது. இன்னொரு பக்கம், ரயில் நஷ்டத்தில் ஓடக்கூடாதே என்று வெள்ளைக்காரர்களைக் குடியேற்றி, மேட்டுநிலத்தை அவர்களுக்குக் கொடுத்தார்கள். கென்யாவின் நிலத்தகராறு பலவற்றுக்கு வேர் அங்கேதான்.

கேள்வி: ஆப்பிரிக்க நாடுகளின் ரயில் பாதைகள் ஏன் ஒன்றோடொன்று சேரவில்லை?

பதில்: சுரங்கத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் துறைமுகத்துக்குச் சரக்கு இறங்கினால் போதும் என்று போட்டவை அவை. அகலமும் வேறு வேறு. உகாண்டா பாதை இந்தியாவில் இருந்ததுபோல மீட்டர் கேஜ். ஆப்பிரிக்காவின் தெற்கு நாடுகளில் 1067 மில்லிமீட்டர். டான்சானியாவில் ஜெர்மானியர் போட்ட பழைய பாதை மீட்டர் கேஜ், 1970களில் சீன உதவியோடு வந்த டசாரா (டான்சானியா–ஜாம்பியா பாதை) 1067. ஒன்றிலிருந்து மற்றதற்குச் சரக்கை இறக்கித்தான் ஏற்ற வேண்டும்.