லாச்சிக்குள் கிடக்கும் அட்டை

கேள்வி: ஹட்டன் நகரில் பதினோரு வருடங்களாகச் சிறிய சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். காலையில் இட்லி, தோசை, பகலில் சோறு, மாலையில் வடை, ரொட்டி, கொத்து. சமையலுக்கு ஒருவரும், பரிமாறவும் பீங்கான் கழுவவும் மூவரும் வேண்டும். எவரும் ஆறு மாதம் நிலைப்பதில்லை. தேயிலைத் தோட்டத்துப் பையன்களை எடுத்து, மா பிசையவும் ரொட்டிக் கல்லில் நிற்கவும் பழக்கிவிட்டால் கொழும்புக்கு ஓடிவிடுகிறார்கள். நான் அவர்களைப் பிள்ளைகளைப்போல் பார்க்கிறேன். மேல்மாடியில் படுக்க இடம், மூன்று வேளையும் சாப்பாடு, மாதம் 30,000 ரூபாய். காசை வீணாக்கிவிடுவார்கள் என்பதால் தகப்பன்மாரை வரவழைத்துச் சம்பளத்தை அவர்கள் கையில்தான் கொடுக்கிறேன். அடையாள அட்டைகளையும் தொலைத்துவிடாமல் என் மேசை லாச்சியில் பூட்டி வைக்கிறேன். கடைசியாக இருந்த 19 வயதுப் பையன் ஒரேயொரு தடவை தன் கையில் வாங்கிய தீபாவளி முற்பணம் 10,000 ரூபாயோடு, நவம்பர் 20ஆம் திகதி இரவு கடை பூட்டிய பிறகு சொல்லாமல் ஓடிவிட்டான். அவனுடைய அட்டைகூட இன்னும் என்னிடம்தான் கிடக்கிறது. மகன் கண்டியில் தங்கிப் படிக்கிறான், உதவிக்கு ஆளில்லை. சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் தொடங்கப்போகிறது. ஒரு தரகர் தலைக்கு 5,000 ரூபாய் கேட்கிறார். 15 வயதுப் பையன் ஒருவன் வரத் தயாராக இருக்கிறான். ஆளுக்கு 50,000 ரூபாய்க்குப் பிணை எழுதி வாங்கச் சொல்கிறார் கணவர். என் அம்மாவும் தேயிலைக் கொழுந்து எடுத்தவர்தான். நம் சனத்தை எனக்குத் தெரியும். நம்பிக்கையான ஆட்களை எப்படி எடுப்பது?

ஹட்டன் வாசகி

பதில்: சகோதரி, இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை. பண்டாரவளையிலிருந்து வந்திருக்கிறது, தலவாக்கலையிலிருந்து வந்திருக்கிறது, நுவரெலியாவில் ஏப்ரல் கூட்டத்துக்கு ஆள் தேடுகிறவர்கள் ஒவ்வொரு மார்ச்சிலும் எழுதுகிறார்கள். "ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தால் நிற்பதில்லை." உங்கள் கவலை எனக்குப் புரிகிறது என்று தொடங்கி இரண்டு பத்தி எழுதலாம். எழுதப் போவதில்லை. உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்த ஒரு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

"அவனுடைய அட்டைகூட இன்னும் என்னிடம்தான் கிடக்கிறது."

இதைப் பையனின் பொறுப்பின்மைக்குச் சாட்சியாக எழுதியிருக்கிறீர்கள். நான் அதை அப்படி வாசிக்கவில்லை. ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளை, உங்களிடம் வந்து "என் அட்டையைத் தாருங்கள்" என்று கேட்பதைவிட, அட்டை இல்லாமலே இருட்டில் இறங்கிப் போவது மேல் என்று முடிவு செய்திருக்கிறான். உங்கள் முகத்துக்கு அவ்வளவு அஞ்சியிருக்கிறான். பிள்ளையைப்போல் பார்த்த வீட்டிலிருந்து பிள்ளை இப்படியா போகும்?

கண்டியில் படிக்கும் உங்கள் மகனின் அடையாள அட்டை எங்கே இருக்கிறது? அவனுடைய சட்டைப்பையில்தான் இருக்கும். அவன் தொலைத்துவிடுவான் என்று நீங்கள் பூட்டி வைக்கவில்லை. அவன் தொலைத்தால் தொலைத்துவிட்டுப் புதிது எடுக்கட்டும் என்று விட்டிருக்கிறீர்கள். ஒருவனுடைய அட்டை பையிலும் இன்னொருவனுடைய அட்டை லாச்சியிலும் இருக்கிறதென்றால், இருவரும் உங்களுக்குப் பிள்ளைகள் என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

அட்டை இல்லாமல் அவன் இப்போது என்ன செய்துகொண்டிருப்பான் என்று ஒரு நாளாவது நினைத்தீர்களா? வங்கியில் கணக்குத் திறக்க முடியாது. நல்ல இடத்தில் வேலைக்குப் போனால் முதலில் கேட்பது அட்டையைத்தான். புதிது எடுக்க வேண்டுமானால் பொலிஸ் நிலையத்தில் "தொலைந்துவிட்டது" என்று முறைப்பாடு எழுதி, அந்தப் பிரதியோடு கிராம உத்தியோகத்தரிடம் போக வேண்டும். தொலையாத பொருளைத் தொலைந்ததென்று பொலிஸில் பொய் சொல்ல வேண்டிய நிலைக்கு அவனைத் தள்ளியிருக்கிறீர்கள். ஊழியரின் அடையாள ஆவணங்களைப் பிடித்துவைப்பதைச் சர்வதேச தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்பின் 11 அறிகுறிகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. உங்கள் லாச்சிக்கு அதுதான் பெயர். பத்திரம் என்ற சொல்லால் அதை மூடாதீர்கள்.

உங்கள் அம்மா கொழுந்து எடுத்தவர் என்று எழுதியதால் இன்னும் கொஞ்சம் சொல்ல எனக்கு உரிமை உண்டு. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களான நம்மவர்களை ஒரே வெட்டில் நாடில்லாதவர்களாக்கியது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவரும் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. எஞ்சியவர்களுக்கு வழி திறந்த சட்டம் 2003இல்தான் வந்தது. இடையில் போர்க்காலம். கொழும்பில் விடுதி அறையைத் தட்டி அட்டை கேட்டபோது, காட்ட முடியாத மலையகப் பையன்களை ஏற்றிக்கொண்டு போன கதை நம் தோட்டத்து வரிசை வீடுகளான எந்த லயத்தில் இல்லை? என் அப்பா தன் பிரஜாவுரிமைச் சான்றிதழை மஞ்சள் துணியில் சுற்றி, சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். மழைக்காலத்தில் லயத்துக் கூரை ஒழுகினால் அரிசிப் பானையைப் பார்ப்பதற்கு முன் அந்தத் துணியைத்தான் தொட்டுப் பார்ப்பார். உங்கள் அம்மாவுக்கு அட்டை எந்த வருடம் கையில் கிடைத்தது? அதை எங்கே வைத்திருந்தார்? கேட்டுப் பாருங்கள். அவர் இல்லையென்றால் நினைத்துப் பாருங்கள். மூன்று தலைமுறை வரிசையில் நின்று வாங்கிய பொருளை நீங்கள் சில்லறைக் காசோடு பூட்டி வைத்திருக்கிறீர்கள்.

அதற்கும் முந்திய ஒன்று இருக்கிறது. துண்டு என்று சொன்னால் நம் வீட்டுக் கிழவர்களுக்குத் தெரியும். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இன்ன ஆட்களுக்கு இவ்வளவு கடன் என்று எழுதிய துண்டு வேண்டும். அடுத்த தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆள் நகரலாம். முற்பணம் கொடுத்துக் கடனாக்கி, கடனைக் காட்டிக் கட்டிப்போடுகிற ஏற்பாடு. 1921இல் வெள்ளைக்காரனே அதைச் சட்டம் போட்டு நிறுத்தினான். உங்கள் கணவர் எழுதி வாங்கச் சொல்லும் 50,000 ரூபாய்ப் பிணையும், தரகர் கேட்கும் தலைக்கு 5,000 ரூபாயும் எங்கிருந்து வருகின்றன என்று இப்போது தெரிகிறதா? நூறு வருடத்துக்கு முன் குழிதோண்டிப் புதைத்ததை ஹட்டன் கடைத்தெருவில் மறுபடி நட வேண்டாம். இரண்டு பேருக்கும் "இல்லை" என்று சொல்லிவிடுங்கள்.

இப்போது அந்தப் பையன் தின்றுவிட்டதாக நீங்கள் நினைக்கும் 10,000 ரூபாய். கணக்குப் போடுவோம். மாதம் 30,000. நவம்பரில் 20 நாள் முழுதாக வேலை செய்திருக்கிறான். அது 20,000 ரூபாய். முற்பணத்தைக் கழித்தால் 10,000 மிச்சம். அந்த மாதச் சம்பளத்தை அவன் தகப்பனை அழைத்துக் கொடுத்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. அவன் உங்களுக்குக் கடன்பட்டவன் என்று ஊர் முழுதும் சொல்லியிருப்பீர்கள். கடன்பட்டிருப்பது நீங்கள்.

அதுவும் முழுக் கணக்கில்லை. 2026 ஜனவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளமே 30,000 ரூபாய். ஆகவே அந்தத் தொகையில் உங்கள் தாராளம் எதுவும் இல்லை. அதன்மேல் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 12 வீதம், 3,600 ரூபாய். அவர்கள் சம்பளத்திலிருந்து கழித்துக் கட்டும் பங்கு 8 வீதம், 2,400 ரூபாய். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நீங்கள் கட்ட வேண்டியது 3 வீதம், 900 ரூபாய். கடையில் ஓர் ஆள் இருந்தாலும் கட்ட வேண்டும். இவற்றைப் பற்றியும் கடிதத்தில் ஒன்றும் இல்லை. காலையில் இட்லிப் பானை ஏற்றுகிறவன்தான் இரவில் கொத்தும் போடுகிறான் என்றால், அவன் எத்தனை மணிக்கு எழும்புகிறான் என்பது எனக்குத் தெரியும். சாப்பாட்டுக் கடைகளுக்கும் பொருந்தும் 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம் என்கிறது. அதற்கு மேல் செய்தால் ஒன்றரை மடங்கு கூலி. வாரத்தில் ஒன்றரை நாள் சம்பளத்தோடு விடுமுறை. ஜனவரிக் குளிரில் பச்சைத் தண்ணீரில் பீங்கான் கழுவிக் கைவிரல் விறைத்துப்போகிற பிள்ளைக்கு இது அதிகமென்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பதினைந்து வயதுப் பையனைப் பற்றி ஒரே வரி: 2021இலிருந்து வேலைக்கு எடுக்கும் வயது 16, அதற்குக் குறைந்த பிள்ளை இருக்க வேண்டிய இடம் பள்ளிக்கூடம், அவனைத் திருப்பி அனுப்புங்கள்.

தகப்பன் கையில் சம்பளம் கொடுப்பதை நல்ல காரியமாக எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகள் குடும்பத்தைத் தாங்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்துக் கிடையாது. தங்கையின் பள்ளிச் சப்பாத்தும் அம்மாவின் மருந்தும் தன் உழைப்பில் வர வேண்டும் என்று நினைக்கிற பிள்ளைதான் பிள்ளை. ஆனால் அந்தக் கடமையை அவன் செய்ய வேண்டும். மாத முடிவில் வீட்டுக்குப் போய், நோட்டுகளை எண்ணி, "இந்தாங்க அம்மா" என்று நீட்டுகிற அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அவன் உங்கள் அடுப்படியில் முப்பது நாள் வேகிறான். அந்த நிமிடத்தை நீங்கள் எடுத்து அவன் தகப்பனுக்குக் கொடுத்துவிட்டீர்கள். தன் வீட்டில் அவன் சம்பாதிக்கிறவனாக ஒரு நாளும் நிற்கவில்லை. ஒரே ஒரு தடவை அவன் கையில் காசு வந்தது, அந்த மாதமே அவன் போய்விட்டான். இதில் வியக்க என்ன இருக்கிறது?

ஆள் எடுப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். லயங்களில் செய்தி பஸ்ஸைவிட வேகமாகப் போகும். அட்டை பிடித்துவைக்கிற கடை என்று பெயர் வந்த இடத்துக்குத் தரகர் மூலமாகத்தான் ஆள் வரும், தரகர் கொண்டுவருகிற ஆள் அடுத்த தரகரோடு போவான். முதலில் அந்தப் பெயர் மாற வேண்டும். நாளைக் காலை முதல் தேநீர் ஊற்றுவதற்கு முன், இப்போது இருக்கிற எல்லோருடைய அட்டையையும் அவரவர் கையில் கொடுங்கள். சம்பளம், வேலை நேரம், விடுமுறை நாள் எல்லாவற்றையும் தமிழில் எழுதி, இருவரும் ஒப்பமிட்டு, ஒரு பிரதியை அவர்களிடம் கொடுங்கள்.

பிறகு, பையன்களை மட்டும் ஏன் தேடுகிறீர்கள்? சவூதியிலும் குவைத்திலும் பத்து வருடம் பெரிய குடும்பங்களுக்குச் சமைத்துப் போட்டுவிட்டு வந்த பெண்கள் நம் தோட்டங்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள்! அடுப்படியை ஆளத் தெரிந்தவர்கள். மேல்மாடியில் படுக்கச் சொன்னால் வர மாட்டார்கள். காலை வேளை, மாலை வேளை என்று வேலையை இரண்டாகப் பிரித்து, இருட்டுவதற்கு முன் பஸ் பிடித்து வீடு போகலாம் என்று சொல்லிப் பாருங்கள். காலை இட்லிக்கும் பகல் சோற்றுக்கும் அவர்களைவிட நல்ல கை உங்களுக்குக் கிடைக்காது. மாலைக் கொத்துக்குப் பையன்களை வையுங்கள். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் பௌர்ணமி வரை ரயிலில் வந்திறங்கி மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் பஸ் ஏறுகிற யாத்திரைக் கூட்டத்துக்கு, அந்தப் பருவத்துக்கு மட்டும் என்று சொல்லியே கூடுதலாக இருவரை எடுங்கள். மே மாதத்தில் அவர்கள் போனால் அது ஓட்டமாகாது.

கொழும்புக்குப் போகிறவன் போவான். போகட்டும். கல்லில் மூன்று வருடம் நின்றவனுக்கு, செய்த வேலையைப் பரீட்சித்துத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் கொடுக்கிற வழி இருக்கிறது. அவனை ஒரு நாள் சம்பளத்தோடு அனுப்பி அதை எடுக்கச் செய்யுங்கள். பண்டாரவளையில் அரசாங்கத்தின் ஹோட்டல் பள்ளி இருக்கிறது. உங்கள் கடையில் தொடங்கியவன் அங்கே படிக்கப் போனால், அவன் தம்பியை உங்களிடம் அனுப்புவதற்கு அந்த வீடு யோசிக்காது. பையன்களைப் பழக்கிவிட்டால் ஓடிவிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, பதினோரு வருடத்தில் அவர்களில் தீபாவளிக்கு உங்களை வந்து பார்த்தவர் எத்தனை பேர் என்று எழுதவில்லை.

இவையெல்லாம் இரண்டாவது வேலை. முதல் வேலைக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை கடையைக் கணவரிடம் விட்டுவிடுங்கள். அந்தப் பையனின் அட்டையையும் 10,000 ரூபாயையும் ஓர் உறையில் போட்டுக்கொண்டு, அவன் தோட்டத்துக்குப் போகிற பஸ்ஸில் நீங்களே ஏறுங்கள். வேறு யாரையும் அனுப்ப வேண்டாம், தொலைபேசியில் பேசி அவனைக் கடைக்கு வரச் சொல்லவும் வேண்டாம். அவன் அங்கே இல்லையென்றால் எங்கே இருக்கிறான் என்று கேட்டு, வரும் நாளை அறிந்து மறுபடி போங்கள். பணத்தைத் தகப்பன் வாசலில் நின்றாலும் அவன் கையில் கொடுங்கள். அம்மா முன்னால் நின்று, "உன் அட்டையை நான் வைத்திருந்தது பிழை" என்று சொல்லுங்கள். தேநீர் கொடுப்பார்கள், உட்கார்ந்து குடியுங்கள். சிவனொளிபாதமலைக் கூட்டத்தைப் பற்றியோ, கடையில் ஆள் இல்லாததைப் பற்றியோ அன்றைக்கு வாய் திறக்க வேண்டாம்.