எண்கோடும் கடன் வாங்கலும் – கடிதம்

வணக்கம் சார்,

இங்கே அமெரிக்காவில் என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் ஒர்க்‌ஷீட்டில் 503 − 298 என்று ஒரு கணக்கு. நான் சொல்லிக்கொடுத்தபடி ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, கடன் வாங்கி, 205 என்று சரியாகவே போட்டிருந்தாள். பாதி மதிப்பெண்தான் கிடைத்தது. ‘எண்கோடு வரைந்து காட்டு’ என்று, அதாவது ஒரு கோட்டில் எண்களைக் குறித்துத் தாவித் தாவிக் கணக்கிடச் சொல்லி, ஆசிரியை எழுதி அனுப்பியிருக்கிறார். “அப்பா, உங்க மெத்தட் எங்க ஸ்கூல்ல செல்லாது” என்கிறாள். காமன் கோர் (எந்த வகுப்பில் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பல மாநிலங்கள் ஏற்ற பொதுத் தரநிலைகள்) வந்ததிலிருந்து வாய்ப்பாட்டையே எடுத்துவிட்டார்கள் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே புலம்பல். நான் பொறியியல் படித்தவன். மூன்றாம் வகுப்புக் கணக்கு சொல்லித்தர முடியாமல் நிற்கிறேன். புதுமை என்ற பெயரில் பிள்ளைகளைக் கெடுக்கிறார்களா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

விடை சரி, போட்ட முறையும் சரி. மதிப்பெண்ணைக் குறைத்தது அநியாயம்தான். ஆனால் அதற்குத் தரநிலை பொறுப்பல்ல. 2010ல் வெளியான காமன் கோர் கணிதத் தரநிலைகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. உங்கள் குழுவில் எத்தனை பேர் திறந்து பார்த்தார்களோ! ஓரிலக்கப் பெருக்கல் அத்தனையும் மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. (பதினாறாம் வாய்ப்பாடு இல்லை. அதற்காக நான் அழமாட்டேன்.) உங்கள் கடன் வாங்கும் முறை நான்காம் வகுப்பில் கட்டாயம். பல இலக்கப் பெருக்கல் ஐந்தில், நீள் வகுத்தல் ஆறில். மூன்றாம் வகுப்பில் ஆயிரத்துக்குள் கூட்டிக் கழிக்க, இடமதிப்பைப் பிடித்துக்கொண்டு செய்யும் எந்த முறையும் செல்லும். எண்கோடுதான் வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை.

எண்கோட்டைத் திட்டுவதற்கு முன் அந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். 3-இல் 8 போகாது. பக்கத்தில் கடன் கேட்டால் அங்கே சுழியம். நூறாம் இடத்துக்குப் போய் 5-ஐ 4 ஆக்கி, சுழியத்தைப் 10 ஆக்கி, அந்தப் பத்தை 9 ஆக்கி, கடைசியில் 3-ஐ 13 ஆக்க வேண்டும். பிள்ளைகள் வழுக்கி விழும் இடமே இதுதான். எண்கோட்டிலோ, 298-இலிருந்து 300-க்கு 2, அங்கிருந்து 500-க்கு 200, பிறகு 3. மொத்தம் 205. பென்சிலே வேண்டாம். கடைக்காரர் மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுப்பது இப்படித்தானே?

சரி, அதே பிள்ளையிடம் 867 − 342 கொடுங்கள். கடனே வாங்க வேண்டியதில்லை. 525 என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். இதற்கும் எண்கோடு வரை என்று கேட்டால் அது சுத்த அபத்தம். எந்தக் கணக்குக்கு எந்த வழி தோது என்று பிள்ளையே பார்த்துத் தேர்ந்தெடுப்பதற்காகத்தான் பல வழிகளைச் சொல்லித்தருகிறார்கள். அந்தத் தேர்வைப் பறித்துவிட்டால் எண்கோடும் இன்னொரு சடங்குதான்.

இந்தக் கூத்துக்கு அவசரமும் ஒரு காரணம். ‘ரேஸ் டு தி டாப்’ என்று ஒபாமா அரசு 400 கோடி டாலருக்கும் மேல் மானியம் அறிவித்தபோது, பொதுத் தரநிலைகளை ஏற்கும் மாநிலங்களுக்குக் கூடுதல் புள்ளிகள் கிடைத்தன. நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் மளமளவென்று ஏற்றன. ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பொருத்தமான பாடநூல் எல்லாம் பல இடங்களில் பின்னால்தான் வந்தன. 2014ல் இந்தியானா வெளியேறியது. வேறு பல மாநிலங்கள் பெயரை மாற்றி, உள்ளே கொஞ்சம் திருத்தி வைத்துக்கொண்டன. உங்கள் மாநிலத்திலும் பெயர் வேறாக இருக்கலாம். 1957ல் சோவியத்தின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் பறந்த பதற்றத்தில் ‘நியூ மேத்’ என்று சின்னப் பிள்ளைகளிடம் கணக் கோட்பாட்டை (செட் தியரி) கொண்டுபோய்க் கொட்டினார்கள். அப்போதும் யாராவது ஒரு அப்பா உங்களைப் போலவே கடிதம் எழுதியிருப்பார்.

எனக்குக் கவலை தருவது எட்டாம் வகுப்பு. காமன் கோரின் வழக்கமான பாதையில் முழு ஆல்ஜீப்ரா பாடம் ஒன்பதாம் வகுப்பில்தான் வருகிறது. எண்ணிப் பாருங்கள்: ஆல்ஜீப்ரா ஒன்று, ஜியோமெட்ரி, ஆல்ஜீப்ரா இரண்டு, பிரீகால்குலஸ், கால்குலஸ் என்று ஐந்து படிகள். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை இருப்பதோ நான்கே ஆண்டுகள். எட்டாம் வகுப்பில் தொடங்காத பிள்ளை, இடையில் ஓராண்டில் இரண்டு பாடங்களைச் சேர்த்துப் படிக்காவிட்டால், பள்ளி முடிப்பதற்குள் கால்குலஸைத் தொட முடியாது. இந்தத் தரநிலைகளைச் சரிபார்த்த குழுவில் இருந்த ஸ்டான்ஃபோர்டு கணிதவியலாளர் ஜேம்ஸ் மில்கிராம் கையெழுத்துப் போட மறுத்தார். பாடங்கள் பிந்தி வருகின்றன என்பது அவருடைய குறைகளில் ஒன்று. சான் பிரான்சிஸ்கோ பள்ளிகள் 2014ல் எட்டாம் வகுப்பு ஆல்ஜீப்ராவை நிறுத்தின. எல்லாப் பிள்ளைகளும் சமமாக வரட்டும் என்ற நல்ல எண்ணம்தான். வசதியுள்ளவர்கள் வெளியே காசு கொடுத்துப் படித்துக்கொண்டார்கள். 2024ல் அதைத் திரும்பக் கொண்டுவர முடிவு செய்தார்கள்.

ஆசிரியையைப் பார்க்கும்போது சண்டை வேண்டாம். “இரண்டு முறையும் அவளுக்குத் தெரியும், எது தோதோ அதில் போடட்டுமா?” என்று கேளுங்கள். மூன்றாம் வகுப்புத் தரநிலைப் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே, உங்கள் பகுதி நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு ஆல்ஜீப்ரா உண்டா, அதற்கு எந்த வகுப்பில் பிள்ளைகளைப் பிரிக்கிறார்கள் என்றும் விசாரித்து வையுங்கள். சில ஊர்களில் ஐந்தாம் வகுப்பு முடியும்போதே அது முடிவாகிவிடுகிறது.